மறுகா

அடிமுதுகில் நாரி பிடித்துக்கொண்டால் அருமைநாதனுக்குக் கதிரை சரிவராது. இருந்தால் எழும்ப முடியாது. எழும்பினால் நிமிர முடியாது. குடியேறி வந்த பனிநாட்டில், விடிய ஆறு மணியிலிருந்து பின்னேரம் இரண்டரை வரை துறைமுகத்துப் பக்கத்துக் களஞ்சியமொன்றில், கொண்டெய்னருக்குள் நின்று பெட்டி இறக்குகிற உடம்பு அது. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி என்று அவன் எண்ணுவதில்லை. எண்ணினால் அடுத்த நாள் வேலைக்குப் போக மனம் வராது. அதனால் லாசாலில் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்ததும் உடுப்பு மினுக்கும் இஸ்திரிப் பலகையை விரித்து, இடுப்பளவுக்கு உயர்த்தி, அதன்மேல் கீபோர்ட்டை வைத்து நின்றபடியே தட்டுவான். மொனிற்றர் அலுமாரிக்கு மேலே இருக்கும்.

"உடுப்பு மினுக்கிற பலகையில கதை மினுக்கிறியள்," என்பாள் மனைவி எலிசா. "என்ர வேலைச் சட்டையை ஆர் மினுக்கிறது? உங்கட குழுவோ?"

இரண்டாயிரத்து ஐந்து நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான். முன்னால் மனோகரியக்கா எழுதித் தந்த மூன்று தாள்கள். குழுவில் ஒருவரான அவர் டவுன்டவுன் ஹொட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்குகிறவர். அறைகளில் விருந்தாளிகள் விட்டுப்போன குறிப்புத் தாள்களில்தான் எழுதுவார். மேலே ஹொட்டலின் பெயர், கீழே எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. நாரி கொதித்தது. கெதியாக முடித்துவிட்டுத் தரையில் படுக்க வேண்டும் என்பதுதான் அவன் நினைப்பு.

எலிசா சொன்ன அந்த எழுத்துக் குழுவைத் தொடங்கியதும் அவன்தான்.

கோடையில் களஞ்சியத்தில் ஒரு புத்தகப் பெட்டி நனைந்து வந்தது. நனைந்ததைக் கொட்டச் சொன்னார்கள். கொட்டும்போது அட்டை கழன்ற ஆங்கிலப் புத்தகமொன்றைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தான். பன்னிரண்டு கிழமை, பன்னிரண்டு பயிற்சி. செய்தால் உள்ளே அடைபட்டுக் கிடக்கிற கற்பனை திறக்கும் என்று அதில் போட்டிருந்தது. அவனுக்குள் என்ன அடைபட்டிருந்தது என்று அவனுக்கே தெரியாது. ஆனால் பெட்டி இறக்குகிறதைவிட வேறு ஏதாவது தன்னால் முடியும் என்று யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தனியே செய்யச் சோம்பல். இணையத்தில் ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கினான். கோயிலில் கண்டவர், கடையில் கண்டவர் என்று ஐந்து பேர் சேர்ந்தார்கள். கிழமைக்கு ஒரு பயிற்சியை அவன் தமிழில் எழுதி அனுப்புவான். ஞாயிறு பின்னேரத்துக்குள் எல்லாரும் எழுதி அனுப்ப வேண்டும்.

புத்தகத்தின் முதல் விதியை அவனே தமிழாக்கி முதல் மடலில் போட்டான்: "ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தக் கூடாது. எழுத்துப் பிழையைக்கூட."

டக்சி ஓடுகிற றொபின்சன், திருகோணமலைக்காரன், பின்சீற்றில் யாரோ மறந்துவிட்டுப்போன ஒற்றைக் கையுறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான். கார்டெரியில் பிள்ளை பார்க்கிற அனோஜினி, பிள்ளைகள் நித்திரையாகும் நேரத்தைப் பற்றி எழுதினாள். அருமைநாதன் தன் நாரியைப் பற்றி எழுதினான். எல்லாரும் ஒருவரையொருவர் பாராட்டிப் புழுகிக்கொண்டார்கள். அந்த ஐந்து பேரில் உண்மையாக எழுத வந்தது மனோகரியக்காவுக்கு மட்டும்தான் என்பது மூன்றாம் கிழமையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது கொஞ்சம் உறுத்தியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மனோகரியக்கா வீட்டில் கொம்பியூட்டர் இல்லை, தமிழில் தட்டவும் தெரியாது. வியாழக்கிழமைகளில் அவன் கிழக்கிலிருந்தும் அவர் டவுன்டவுனிலிருந்தும் ஒரே பச்சைக்கோட்டு மெற்றோவில் வந்து அங்கிரினியோன் நிலையத்தில் இறங்குவார்கள். லாசால் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் தாளைக் கொடுப்பார். "எழுத்து வடிவில்ல தம்பி, பார்த்து அடிங்க," என்பார். ஹொட்டல் மருந்துத் தண்ணியில் வெளிறிய விரல்கள். அவன் வாங்கிக்கொண்டுபோய் அடித்துக் குழுவுக்கு அனுப்புவான்.

அடிக்கும்போது கை சும்மா இருக்கவில்லை.

மனோகரியக்கா மட்டக்களப்பு. அவர் எழுத்திலும் மட்டக்களப்புத்தான் இருந்தது. அவன் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் வலை இழுக்கிற வீட்டில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் வாய் திறந்தால் கரையான் பாசை, கடற்கரைப் பேச்சு என்று வகுப்பே சிரிக்கும். சிரிப்புக்குப் பயந்து ஒவ்வொரு சொல்லாகக் கழுவிக் கழுவி, பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்த்து, மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிற ஆளாகிவிட்டான். பிழை கண்டால் கை தானாகப் போகும். இரண்டாம் கிழமை "ஒழும்பி" என்றிருந்ததை "எழும்பி" ஆக்கினான். அது எழுத்துப் பிழைதானே என்று நினைத்தான். நாலாம் கிழமை "வெயில் கிறுகிட்டு" என்றிருந்தது. கிறுகுவதென்றால் திரும்புவது என்று அவனுக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டாமா? "வெயில் திரும்பிவிட்டது." ஆறாம் கிழமைக்குள் அவனுக்கு அது பழகிவிட்டது. அனோஜினி எழுதிய பிரெஞ்சுச் சொற்களை அவன் தொடவில்லை. அவை அவனுக்கு மரியாதையான சொற்களாகப் பட்டன.

றொபின்சன் ஒருமுறை போனில் பகிடியாகக் கேட்டான். "அண்ணை, மனோகரியக்கா எப்ப யாழ்ப்பாணத்துக்குக் குடி போனவ?"

"ஏன் கேக்கிறாய்?"

"எழுத்தைப் பாத்தா நல்லூரில பிறந்த மாதிரிக் கிடக்கு. கதைக்கேக்க ஒரு வசனத்துக்கு நாலு மட்டக்களப்புக் 'கா' போடுற மனிசி."

"எழுதேக்க ஆக்கள் கொஞ்சம் திருத்தமா எழுதுவினம்தானே."

"ஓமோம்," என்றான் றொபின்சன். "திருத்தமாத்தான் கிடக்கு."

எட்டாம் கிழமைப் பயிற்சி இதுதான்: "ஒருவரை அவருடைய வாயால் மட்டும் எழுதுங்கள். முகம் வேண்டாம், உடுப்பு வேண்டாம். அவர் கதைத்தபடியே எழுதுங்கள்."

மனோகரியக்கா தன் அக்கா குணேஸ்வரியை எழுதியிருந்தார். குணேஸ்வரி கல்லடியில், கடலுக்குக் கிட்ட இருந்தவர். முந்தைய ஆண்டு மார்கழியில் கடல் வந்தபோது போய்விட்டார். மகள் கௌசி அன்றைக்குத் தகப்பனோடு உன்னிச்சையில் நின்றதால் தப்பினாள். எழுத்தில் சாவு இல்லை. ஒரு மனிசி விடிய எழும்பியதிலிருந்து வாய் ஓயாமல் கதைத்தது மட்டும் இருந்தது: மீன்காரனை ஏசியது, மகளுக்குப் பேன் பார்த்தபடி புறுபுறுத்தது, தங்கச்சியோடு போனில் சிரித்தது. கடைசியில், கடல் வந்ததற்கு முந்தின நாள், நத்தார் காலையில் மனோகரியக்கா வேலைக்குப் போகமுன் எடுத்த போன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே கார்ட் முடியப்போகிறது என்று மணி அடிக்கிறது. குணேஸ்வரி அவசரமாகச் சொல்கிறார்: "மறுகா எடு கா." அன்று ஹொட்டலில் பதினாறு அறை. வீட்டுக்கு வந்து களைப்பில் படுத்துவிட்டார். மறுகா எடுக்கவில்லை. அதோடு எழுத்து முடிந்தது.

அருமைநாதன் அதை இரண்டு தரம் வாசித்தது உண்மை. ஆனால் பக்கம் முழுக்கக் கா, கா என்று காகம் கத்துகிற மாதிரி இருப்பதாகவும் பட்டது. இவ்வளவு நல்ல எழுத்தைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்று நினைத்தான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். காவை எல்லாம் எடுத்தான். கிறுகியதை எல்லாம் திருப்பினான். கடைசி வசனத்தில் மட்டும் கொஞ்சநேரம் கை நின்றது. நாரி சுள்ளென்று இழுத்தது. தன் ஊர்ச் சொல்லைப் போட்டுப் "பேந்து எடு" என்று அடித்தான். அனுப்பினான். மூன்று தாள்களையும் கசக்கிப் பழைய பேப்பர் எறிகிற பச்சைப் பெட்டிக்குள் போட்டான்.

"அந்த மனிசியின்ர கடதாசி வேண்டாமோ?" என்று எலிசா கேட்டாள்.

"அடிச்சாச்சு. இனி என்னத்துக்கு?"

ஞாயிற்றுக்கிழமை குழுவே அழுதது. அனோஜினி கார்டெரியின் கழிவறைக்குள் போய் அழுததாக எழுதியிருந்தாள். றொபின்சன் மட்டும் ஒரு வரி போட்டான்: "நல்லா இருக்கு. அவவின்ர குரலில ஒருக்காக் கேக்கோணும்."

பன்னிரண்டு கிழமை முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டோக்கொப்பி எடுத்து, சுருள்கம்பி போட்டு, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தான் அருமைநாதன். மனோகரியக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பஸ் வந்ததால் திறந்து பார்க்கவில்லை. "நான் இப்ப வாசிக்கல்ல தம்பி. அக்கா போய் ஒரு வருசம் முடியிற நாள் கௌசிக்குப் போனில வாசிச்சுக் காட்டப் போறன். தாயிட குரல் மறந்து போகுதாம். அழுகிறாள். மறக்கப்படாதுதானே. அதுக்குத்தான் எழுதின," என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். இன்னும் பத்து நாட்கள் இருந்தன. புத்தகத்தை வாங்கி, எட்டாம் கிழமைப் பக்கத்தை அவரிடமே கேட்டுத் திரும்ப அடித்துக் கொடுத்திருக்கலாம். பிள்ளைக்கு என்ன தெரியப்போகுது என்று விட்டுவிட்டான்.

தை முதல் கிழமை அங்கிரினியோனில் மனோகரியக்கா அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். வெளியே மைனஸ் இருபது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் காலைக் கடித்தது.

"தம்பி, ஒண்டு கேக்கட்டா? கோவிக்கப்படாது."

"கேளுங்கோ அக்கா."

"கௌசிக்கு வாசிச்சன். சத்தமில்லாமக் கேட்டுக்கிட்டிருந்தாள். முடிய, 'இது ஆரு சின்னம்மா?' எண்டு கேக்கிறாள். உங்கட அம்மா புள்ள எண்டன். 'அம்மா இப்பிடிக் கதைக்கமாட்டாவே' எண்டாள். மறுகா கேட்டாளே ஒரு கேள்வி. 'அம்மா ஏன் உங்களத் துரத்தினவ?' எண்டு."

"துரத்தினதோ?"

"பேந்து எடு எண்டு கிடக்குது தம்பி. பேந்து எடு எண்டா, இப்ப வை, பிறகு பாப்பம் எண்டமாதிரி. அக்கா அப்பிடிச் சொல்லல்ல. மறுகா எண்டா திரும்பியும். திரும்பியும் எடு எண்டுதான் சொன்னவ." அவர் புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தில் வெளிறிய விரலை வைத்தார். "நான் மறுகா எண்டுதானே எழுதித் தந்தன்? எனக்கே சந்தேகமாக் கிடக்கு."

அருமைநாதன் விரலைப் பார்த்தான். சொல்ல வாய் திறந்தான். வந்தது வேறு.

"அது எழுத்துருவில வந்த பிழை அக்கா. நான் அடிக்கிறது பாமினி எண்ட எழுத்துருவில. அதை அப்பிடியே அனுப்பினா மற்ற ஆக்களின்ர மெஷினில இங்கிலிஸ் எழுத்துக் குப்பையாத்தான் தெரியும். அதால யூனிகோட்டுக்கு மாத்துறது. அதுக்கு ஒரு மாற்றி இருக்கு. மாத்தேக்க சில சொல்லுகள்…"

பொய்யென்றால் அதுதான் பொய். மாற்றி எழுத்தை மாற்றும், சொல்லை மாற்றாது. மறுகாவைப் பேந்து ஆக்குகிற மெஷினை இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

மனோகரியக்கா அவனை நம்பினார். நம்பியதோடு நிற்காமல் சிரித்தார். "அப்ப மெஷினும் யாழ்ப்பாணம்தானாக்கும்! எங்கட கதை அதுக்கு விளங்கல்ல கா."

அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசும்.

"நான் எழுதின தாள் உங்களிட்டக் கிடக்குத்தானே? அதைத் தாங்க. அதைப் பாத்தே வாசிச்சுக் காட்டுறன்."

"ஓம். வீட்டில எங்கயோ வச்சனான். தேடித் தாறன்."

பஸ்ஸில் நின்றபடியே வந்தான். நாரிக்காக இல்லை. இடம் இருந்தும் இருக்க மனம் வரவில்லை. வீட்டில் எலிசா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். நடந்ததைச் சொன்னான். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். "நான் அண்டைக்கே கேட்டனான், கடதாசி வேண்டாமோ எண்டு. நவம்பரில எறிஞ்சதை இப்ப எங்க தேடப்போறியள்? குப்பை லொறிக்குப் பின்னால ஓடப்போறியளோ?"

"என்ன செய்யச் சொல்லுறாய்?"

"என்ர சட்டையை மினுக்கினா சுருக்குத்தான் போகும். நீங்கள் அந்த மனிசியின்ர தமக்கையை மினுக்கிப்போட்டியள். போய் உள்ளதைச் சொல்லுங்கோ."

றொபின்சனுக்கு எடுத்தான். அவன் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணை, முதலாம் விதி ஆர் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப என்னட்டை ஏன் கேக்கிறியள்?"

அன்றும் அடுத்த நாளும் மினுக்குப் பலகையில் நின்று, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பழையபடி கொண்டுவரப் பார்த்தான். பேந்துவை மறுகா ஆக்கினான். எழும்புவை ஒழும்பு ஆக்கினான். காவை எங்கெங்கே எடுத்தான்? வசனத்தின் முடிவிலா, நடுவிலா? மீன்காரனை ஏசும்போது இருந்ததா? பேன் பார்க்கும்போது மகளைக் கூப்பிட்ட சொல் ஒன்று இருந்ததே, அவனுக்கு விளங்காததால் 'பிள்ளை' என்று மாற்றினானே, அது என்ன? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தான் நினைத்த இடத்திலெல்லாம் காவைத் தெளித்து வாசித்துப் பார்த்தான். நாடகத்தில் மட்டக்களப்பாள் வேசம் போட்ட யாழ்ப்பாணத்தான் கதைக்கிற மாதிரி இருந்தது. அழித்தான்.

அடுத்த வியாழன் போகும்போது சொல்லிவிடுவதென்றே போனான். மெற்றோவில் வசனத்தைக்கூடச் சரிபண்ணி வைத்திருந்தான். மெஷின் இல்லை அக்கா, நான்தான். நாலே நாலு சொல்.

மனோகரியக்கா அவனைக் கண்டதும் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னத் தைலப் போத்தலை எடுத்தார். "இந்தாங்க. ஊரிலயிருந்து ஒராள் கொண்டு வந்தது. நாரிக்கு நல்லம். மூண்டாம் கிழமை நீங்க எழுதினீங்களே, நிமிர ஏலாமத் தரையில படுக்கிறன் எண்டு. அனோஜினி போனில வாசிச்சுக் காட்டினவ. எனக்கு மறக்கல்ல."

அவன் போத்தலை வாங்கினான். வாங்காமல் என்ன செய்வது?

"அக்கா, அந்தத் தாள்…"

"கிடைக்கல்லயா?"

"இல்லை. எறிபட்டுப் போச்சு."

அவர் முகம் ஒருகணம் விழுந்தது. உடனே தூக்கிக்கொண்டார். "சரி, விடுங்க. நீங்களும் வேலையாள். எவ்வளவத்தை வச்சுக் காக்கிற."

"திரும்ப ஒருக்கா எழுதுங்கோவன். நான் ஒரு எழுத்தும் மாறாம…"

"எழுதிப் பாத்தன் தம்பி." அவர் பஸ் வரும் பக்கம் பார்த்தபடி சொன்னார். "வருகுதில்ல. அந்தப் புத்தகத்தை நாலைஞ்சுதரம் வாசிச்சிட்டன். இப்ப பேனையைப் பிடிச்சா அதில கிடக்கிறதுதான் வருகுது. அக்காட குரலில பேந்து எண்டு கேக்குது. மறுகா எண்டு நான்தான் சொல்லிப் பாக்கிறன். அவ சொல்லுறா இல்ல." பையின் வாரைத் தோளில் ஏற்றினார். "கௌசி இப்ப கேக்கிறாளும் இல்ல. வாசிக்கட்டா எண்டா, வேண்டாம் சின்னம்மா எண்டுறாள்."

கதவு திறந்தது. குளிர் வந்தது. பஸ்ஸுக்கு நின்ற சனம் அசைந்தது.

"இரண்டாம் சுற்றுத் தொடங்குறன் அக்கா, மாசியில. நீங்களும் இருக்கோணும்."

"எனக்கு எழுத்துச் சரிவராது தம்பி. நீங்க செய்ங்க. நல்ல வேலை," என்றார். "போயிற்று வாறன்."

சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அவர் பஸ் அட்டையைத் தேடிக்கொண்டு நின்றார். முன்னால் ஆறேழு பேர் ஏற இருந்தார்கள். அருமைநாதன் போத்தலைக் கைக்குள் பிடித்தபடி நின்றான். அவர் ஏறினார். யன்னலால் கை காட்டினார். அவன் போக வேண்டியதும் அதே பஸ்தான். ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றான்.

இரண்டாம் சுற்றை அவன் தொடங்கவில்லை. குழு இணையத்தில் இன்னும் இருக்கிறது, ஒருவரும் எழுதுவதில்லை. தைலம் நல்ல தைலம். பூசினால் இரண்டு நாளைக்கு நாரி கேட்கும். வியாழக்கிழமைகளில் இப்போதும் சில வேளை அங்கிரினியோனில் காண்பார்கள். நாரி எப்பிடி என்று அவர் கேட்பார். பரவாயில்லை என்று அவன் சொல்வான்.

மனோகரியக்காவுக்கு அவன் கொடுக்க வேண்டியது நாலு சொல்: மெஷின் இல்லை அக்கா, நான்தான். அது இன்னும் கடன்.